கஃபார் வீட்டு வாடகை

6 ஜனவரி 2025, திங்கள்

சொத்து வரியைக் கட்டிவிட்டேன். மாதத் தவணையாகக் கட்டலாம் என்று வங்கியில் இருந்த பெண் சொன்னாள். வேண்டாம் என்றேன். மாதாமாதம் என் கணக்குக்குள் அவர்கள் கைவிட்டு எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை, நானே கொடுத்ததாக இருக்கட்டும்.

போன வருடத்தைவிட அதிகம். அப்படி இந்த வீட்டுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? ஓர் ஓடு மாற்றவில்லை. சுவருக்குச் சாயம் அடித்து எட்டு வருடமாகிறது. ஆனால் ஆண்டு மதிப்பு கூடிவிட்டதாம். நான் குடியிருக்கிற வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று அவர்களே ஒரு தொகையை யோசித்து, அதன்மேல் வரி. அக்கம்பக்கத்தில் என்ன வாடகை போகிறது என்று பார்த்து அந்த யோசனை. மதிப்பு ஒரு கோட்டைத் தாண்டிவிட்டதால், வயதானவர்களுக்கு அரசாங்கம் தரும் ரொக்கமும் எனக்கு இல்லை. சிங்கப்பூரில், ஜாலான் புசாரில், ஏழு வீட்டு வரிசையில் ஒன்று என் பெயரில் இருக்கிறது. அதனால் நான் பணக்காரி.

தேக்கா சந்தையில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு மத்தி வாங்கி வந்தேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

வரவு செலவுத் திட்டம். வானொலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது சிரிப்பார், "சம்சு, ஊருல எல்லாரும் பாட்டுக் கேப்பாங்க, நீ பட்ஜெட் கேக்குறே" என்று. நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. அவருடைய இரும்புச் சாமான் கடையின் வரிப் படிவங்கள்தான். முப்பது வருடம் நான்தான் நிரப்பினேன். ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை.

கடையில் கொடுத்துச் சாமான் வாங்கிக்கொள்ளப் பற்றுச்சீட்டு தருகிறார்களாம். பொருள் சேவை வரியை ஒன்பது சதவீதமாக்கி என்னிடம் எடுத்ததில் ஒரு துண்டை எனக்கே பரிசுத்தாள் சுற்றித் தருகிறார்கள். அதை வாங்கும்போது சிரிக்கவும் வேண்டும்.

ஆஸ்பத்திரி நன்றாக இருக்கிறது, பேருந்து நேரத்துக்கு வருகிறது. மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சந்தின் நடைபாதைக் கல்லை எதற்காக மறுபடி பெயர்த்தார்கள்? பழைய கல் என்ன பாவம் செய்தது? நடைபாதை அழகானால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் மதிப்பு ஏறும், மதிப்பு ஏறினால் என் வரி ஏறும். ஆக, அந்தக் கல்லுக்கு நான் இரண்டு தடவை பணம் கொடுக்கிறேன்.

31 மார்ச், திங்கள். நோன்புப் பெருநாள்

கஃபார் வந்தான். என் வீட்டுக்காரரின் தம்பி. சுவரை ஒட்டிய அடுத்த வீடு அவனுடையது. மாமனார் இரண்டையும் வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தார். மூன்று வருடமாக அவன் அங்கே இல்லை. கிழக்கே கடற்கரைப் பக்கம் மகனுடைய அடுக்குமாடியில் இருக்கிறான். இங்கே வீட்டை முழுசாக வாடகைக்கு விட்டிருக்கிறான்.

என் பிரியாணியைத் தின்றுகொண்டே ஆரம்பித்தான்.

"மதினி, இந்த வயசுல எதுக்கு மாடி ஏறி இறங்கிக்கிட்டு? ஓட்டல் கட்டுறவன் ரெண்டு வீட்டையும் சேத்துத்தான் கேக்குறான். ஒண்ணு மட்டும்னா வேணாங்கிறான் லா."

"அவனுக்கு வேணாம்னா எனக்கும் வேணாம்."

"எத்தன நாளைக்கு? வரி கட்டியே ஓஞ்சிருவீங்க. நான் ஒண்ணும் செய்ய வேணாம். அரசாங்கமே உங்கள வெளியேத்திரும். நான் சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா போதும்."

கூட வந்திருந்த அவன் மச்சான் நெளிந்தான். கஃபார் அதைக் கவனிக்கவில்லை. எலும்பை உறிஞ்சிக்கொண்டே அவனிடம் பெருமை பேசினான். "வாடகைக்கு விட்டா வரி ரேட்டே வேற, ரொம்பக் கூட. அதான் நான் இன்னும் இங்கேதான் குடியிருக்கேன்னு பதிவுல வச்சிருக்கேன். யாரு வந்து பாக்கப் போறா?"

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றான். தீர்ந்துவிட்டது என்றேன். அண்டாவில் பாதி இருந்தது.

2 ஏப்ரல்

யார் வந்து பார்க்கப் போகிறார்களா? சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன் கஃபார்.

9 ஏப்ரல், புதன்

வைதேகி வந்தாள். கஃபார் வீட்டில் குடியிருக்கும் பெண். கோயம்புத்தூர்க்காரி. புருஷன் ரகுபதிக்கு வங்கியில் கணினி வேலை, ஒரு பெண் குழந்தை. எலுமிச்சை ஊறுகாய்க்கு வெயில் போதவில்லை என்று என் பின்கட்டில் ஜாடியை வைக்க வருவாள். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், வாடகை எவ்வளவு என்று. சொன்னாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அவ்வளவா?"

"ஆனா ஆன்ட்டி, கட்டில், சோபா, ஃபிரிஜ், ஏசி எல்லாம் அவரோடதுதான். வாரம் ஒரு நாள் கிளீனிங்குக்கு ஆளும் அனுப்புறார். நாங்க பெட்டியோட வந்து இறங்கினோம், அவ்வளவுதான். பேப்பரெல்லாம் ஒண்ணும் இல்ல. நம்பிக்கைன்னு சொன்னார்."

அதாவது ஒப்பந்தம்கூடப் பதியவில்லை. நல்லது.

11 ஏப்ரல், வெள்ளி

வரி அலுவலகத்துக்குப் போனேன். சாளரத்தில் திலீப் என்று ஒரு பையன், நம் தமிழ்ப் பிள்ளைதான், பணிவானவன். பெயர் போடாமலும் புகார் தரலாம் ஆன்ட்டி என்றான். பெயரை முழுசாக எழுதினேன். சம்சுன்னிசா. ஒளிந்துகொண்டு கல் எறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

வாடகைத் தொகையைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "இது வெறும் வீட்டுக்கா, இல்ல ஃபர்னிச்சரோடயா?"

வெறும் வீட்டுக்கு என்றேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன்.

கட்டிலையும் சோபாவையும் சேர்த்துச் சொன்னால் தொகையின் காரம் போய்விடும். கஃபாருக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும். எதற்கு?

3 மே, சனி

ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

1 ஜூலை, செவ்வாய்

பற்றுச்சீட்டு வந்தது. முதியவர்களுக்குக் கூடுதலாம். அரிசி, நெய், ஒரு புது பிரஷர் குக்கர். வாங்காமல் விடுவேனா? என் பணம்.

17 ஜூலை, வியாழன்

இந்த நாளை முழுசாக எழுதி வைக்க வேண்டும்.

காலையில் கஃபார் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை, கம்பிக் கதவுக்கு வெளியிலேயே நின்றான். முகம் வெளுத்திருந்தது. மூன்று வருடத்து வித்தியாசத்தையும் வாடகை வீட்டு விகிதத்தில் கட்ட வேண்டுமாம். மேலே அபராதம்.

"யாரோ எழுதிப் போட்டிருக்காங்க மதினி. யாருன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க."

"நான்தான்."

அவனுக்கு உடனே புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"அண்ணன் பொண்டாட்டி செய்யற வேலையா இது?"

"அரசாங்கமே வெளியேத்திரும்னு சொன்னியே தம்பி. அந்த அரசாங்கம்தான். நான் சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

திரும்பிப் போகும்போது புது நடைபாதைக் கல்லில் தடுக்கினான். முதல் தடவையாக அந்தக் கல்லுக்குக் கொடுத்த பணம் வீண் இல்லை என்று தோன்றியது.

மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

30 ஆகஸ்ட், சனி

வைதேகி வீட்டார் காலி செய்துவிட்டார்கள். கட்டவேண்டிய வரியையெல்லாம் கஃபார் வாடகையில் ஏற்றிவிட்டானாம். ஒரே மாதத்தில் அவ்வளவு கூடினால் அவர்கள் எப்படிக் கட்டுவார்கள்? வடகோடியில், உட்லண்ட்ஸில், யாரோ வீட்டில் ஒரே ஒரு அறை கிடைத்திருக்கிறது. சமைக்க அனுமதி இல்லை. ஊறுகாய் ஜாடியை வாங்கிக்கொள்ள வந்தாள்.

"குழந்தைக்கு ஸ்கூல் மாத்தணும் ஆன்ட்டி. அதான் கஷ்டமா இருக்கு."

ஜாடியைத் துடைத்துக் கொடுத்தேன். வாடகையை ஏற்றியது நான் இல்லையே. அவன் ஏற்றினான்.

லாரி போகும்வரை மாடியிலிருந்து பார்த்தேன்.

14 அக்டோபர், செவ்வாய்

என் வீட்டுக்கு அறிவிப்பு. ஆண்டு மதிப்பை மறுபடி உயர்த்தியிருக்கிறார்கள். கொஞ்சநஞ்சம் இல்லை. என்ன நினைச்சுக்கிட்டிருக்காங்க இவங்க? தனி மனுஷி, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. இதுக்கு மேல எங்கேயிருந்து எடுக்கச் சொல்றாங்க? வருடத்துக்கு இவ்வளவு என்றால் கையிருப்பு எத்தனை வருடம் தாங்கும்? அதற்கப்புறம் விற்கத்தான் வேண்டும். கஃபார் சொன்னதுதான் நடக்குமா?

நாளைக்குப் போகிறேன். விடமாட்டேன்.

15 அக்டோபர், புதன்

திலீப்தான் இருந்தான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"ஆன்ட்டி, உங்க வரிசையில முழு வீட்டை வாடகைக்கு விட்டதா ரொம்ப வருஷமா பதிவே இல்ல. சுத்துவட்டாரத்த வச்சு மதிப்புப் போட்டுக்கிட்டிருந்தாங்க. இப்ப அதே வரிசையில ஒரு நிஜ வாடகை கிடைச்சிருக்கு. வெறும் வீட்டுக்கே அந்தத் தொகைன்னு எழுத்துல இருக்கு. அதான் ஏழு வீட்டுக்கும் ஏறியிருக்கு."

எந்த வீடு, யார் எழுத்து என்று அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

16 அக்டோபர், வியாழன்

சட்டம் எனக்குத் தெரியும். ஆண்டு மதிப்பில் வீடு மட்டும்தான் சேரும். தளவாடத்துக்கான வாடகையைக் கழிக்க வேண்டும். கட்டில், சோபா, ஏசி என்று உண்மையைச் சொன்னால் கஃபார் வீட்டு மதிப்பு இறங்கும். அதோடு வரிசை முழுவதும் இறங்கும். அவனைக் கூப்பிட்டு விசாரித்தபோது தொகையை மட்டும் ஒப்புக்கொண்டிருப்பான். தளவாடம் கழியும் என்று அவனுக்கு எங்கே தெரியும்? அவன் எந்தப் படிவத்தைப் படித்தான்?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் குடியிருப்பவள், எனக்குச் சின்ன விகிதம். அவனுக்குப் பெரிய விகிதம், மூன்று வருடம், அதன்மேல் அபராதம். உண்மையைச் சொன்னால் எனக்கு வரியில் ஒரு வெள்ளிப் பணம் குறையும் இடத்தில் அவனுக்கு எட்டு வெள்ளி குறைகிறது.

அப்படியானால் சொல்ல மாட்டேன். ஒரு வெள்ளி கொடுத்து எட்டு வெள்ளி வலியை வாங்குகிறேன். மலிவுதான்.

2 நவம்பர், ஞாயிறு

கடைசி வீட்டு விசாலாட்சி வந்தாள். கையில் அதே அறிவிப்பு. இந்த வரிசையில் யாருக்கு என்ன தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும்.

"அக்கா, நீங்க எழுதினா கேப்பாங்க. எங்களால இவ்வளவு முடியாது. வித்துட்டு என்கூட வந்துருங்கன்னு மகன் சொல்றான்."

"போக வேண்டியதுதானே," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

"நான் போயிருவேன் அக்கா. இவர எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

அவள் புருஷன் அங்கமுத்துவுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய் ஆறு வருடம். அந்த வீட்டுக்குள் மட்டும் கண் தெரிகிற ஆள்போல நடப்பார். எந்தச் சுவர் எங்கே திரும்புகிறது, எத்தனையாவது படி தேய்ந்திருக்கிறது என்று அவர் கைக்கும் காலுக்கும் தெரியும். போன வருடம் மகன் வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்தார்களாம். கழிவறைக்குப் போகத் தெரியாமல் ராத்திரி முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம்.

"யார் வீட்டு வாடகையப் பாத்து நமக்கு ஏத்தினாங்களோ," என்றாள் விசாலாட்சி. "அவங்க நல்லா இருக்க மாட்டாங்க."

தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

3 நவம்பர், திங்கள்

விசாலாட்சி வீட்டுக்கு மட்டும் ஓர் ஆட்சேபம் எழுதிப் பார்த்தேன். கூரை ஒழுகுகிறது, பின்பக்கச் சாக்கடை நாறுகிறது, படி தேய்ந்திருக்கிறது. நன்றாகத்தான் வந்தது. படித்துப் பார்த்துக் கிழித்தேன். ஒழுகல் சாக்கடையெல்லாம் வரிசை முழுக்க இருப்பதுதான். இந்த ஏற்றத்துக்கு ஆதாரம் ஒன்றே ஒன்று. அதை உடைக்காமல் மற்றதெல்லாம் வீண்.

உடைத்தால் அவன் தப்பிக்கிறான்.

என் ஒரு வெள்ளியை நான் கொடுக்கலாம். விசாலாட்சியின் வெள்ளியை எப்படிக் கொடுப்பேன்?

4 நவம்பர்

இன்றைக்கும் எழுதவில்லை.

5 நவம்பர், புதன்

எழுதிவிட்டேன். "ஏப்ரல் மாதம் நான் வெறும் வீடு என்று குறிப்பிட்டது உண்மையல்ல. வாடகையில் தளவாடமும் துப்புரவுச் செலவும் அடங்கும். அது அப்போதே எனக்குத் தெரியும்." கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை கோடு போட்டு அடித்தேன், மூன்றாம் தடவை விட்டுவிட்டேன். முப்பது வருடம் ஒரு படிவம் திரும்பி வந்ததில்லை என்று எழுதினேனே. இதோ, நானே ஒன்றைத் திருப்புகிறேன்.

திலீப் படித்தான்.

"ஆன்ட்டி, தெரியும்னு போட்டிருக்கீங்க. மேலதிகாரி கூப்பிடுவாங்க. தெரியாம எழுதிட்டேன்னு மாத்திக்கிறீங்களா?"

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

"சரி ஆன்ட்டி." தாளைக் கோப்பில் வைத்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

12 டிசம்பர், வெள்ளி

மேலதிகாரி அம்மாள் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டாள். ஏழு வீட்டுக்கும் மதிப்பு இறங்கியது. விசாலாட்சி சேமியா பாயசம் கொண்டுவந்தாள். எச்சரிக்கைக் கடிதத்தை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஏப்ரலில் நான் எழுதிக் கொடுத்ததும் அதில் இருந்தது. மெதுவாகப் படித்தாள். முகத்தில் என்ன ஓடியது என்று தெரியவில்லை. "பாயசம் ஆறிரும் அக்கா, சாப்பிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கஃபார் சாயங்காலம் வந்தான். எட்டு வெள்ளி முகம். விசில் அடிக்காத குறை.

"மதினி, நீங்க எனக்காக எழுதுவீங்கன்னு நான் கனவுலயும் நெனைக்கல."

"உனக்காக எழுதல."

"யாருக்காக எழுதினா என்ன, குறைஞ்சிருச்சுல்ல? ஓட்டல்காரன் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

கதவைச் சாத்தினேன். பாயசத்தைத் தொடவில்லை.

20 டிசம்பர், சனி

அவன் வீட்டு வாசலில் பலகை. வாடகைக்கு. தொலைபேசி எண். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். வீடு காலியாகக் கிடந்தாலும் அவனுக்குப் பெரிய விகிதம்தான். அதனால் அவசரம். மகனிடம் கைப்பேசியில் கத்துவது சுவர் வழியாகக் கேட்டது.

காலையிலிருந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வரிசைக்கு ஒரே ஒரு வாடகைதான் ஆதாரம். அது ஏறினால் ஏழு வீடும் ஏறும். அது இறங்கினால்?

வைதேகிக்குத் தொலைபேசி போட்டேன். "இன்னும் உட்லண்ட்ஸ்லதான் இருக்கியா?" என்றேன். "ஆமா ஆன்ட்டி," என்றாள். பழையபடி பேசவில்லை. பேசவேண்டியதை நான் பேசினேன்.

10 ஜனவரி 2026, சனி

கஃபாரின் சோபாவில் நானும் வைதேகியும். எதிரே கஃபார். ரகுபதி குழந்தையோடு வாசலில் நின்றான். பேரம் பேச அவனுக்கு வராது.

கஃபார் பழைய தொகையைச் சொன்னான். எழுந்து போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினேன். என் பக்கம் ஓதம் எங்கெல்லாம் ஏறுகிறதோ அங்கெல்லாம் அவன் பக்கமும் ஏறும். மாடிப்படிக்கு அடியில் கறையான் இருக்கிறது, சாமான் அறைக் கதவைத் திறக்கச் சொன்னேன். திறக்க மாட்டேன் என்றான். திறந்தேன்.

"இது உங்க வீடா மதினி, என் வீடா?"

"வீடு உன்னது. சுவரு ரெண்டு பேருக்கும் பொது." பழையதைவிடக் குறைவாக ஒரு தொகையைச் சொன்னேன்.

"இந்த வாடகைக்கு விட்டா எனக்கு வரிக்கும் அபராதத்துக்குமே சரியாப் போயிரும் லா."

"வரி கட்டியே ஓஞ்சிருவ போலிருக்கே."

வைதேகி குனிந்துகொண்டாள். கடைசியில் கஃபார் நான் சொன்ன தொகைக்கு இறங்கினான். பிறகு மகனைக் கூப்பிட்டு ஒப்பந்தத்தை அடிக்கச் சொன்னான். வீட்டுக்கு இவ்வளவு, தளவாடத்துக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதவைத்தேன். மூன்று வருடத்துக்கு ஏற்றக் கூடாது என்றும் எழுதவைத்தேன். இந்தத் தடவை முத்திரையோடு பதிவு. ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினேன். இந்த வாடகையை வைத்து யாரும் இந்த வரிசையை மறுபடி ஏற்ற முடியாது. அவன் விரல்கள் பேனாவை எப்படிப் பிடித்திருந்தன என்பதை நான் மறக்க மாட்டேன்.

வெளியே வந்ததும் வைதேகி நின்றாள்.

"ஆன்ட்டி, ஏப்ரல்ல நீங்க வாடகை கேட்டீங்க, நான் சொன்னேன். அதுலருந்துதான எல்லாம்?"

"ஆமா."

"அப்பவே தோணுச்சு. ரகுதான் கேக்க வேணாம்னார்." குழந்தையின் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "வேற வீடு கிடைச்சிருந்தா இங்க வந்திருக்க மாட்டேன் ஆன்ட்டி. ஸ்கூலுக்காகத்தான்."

"தெரியும்."

வாசலில் மூன்று படி. மழை பெய்து வழுக்கிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்தப் படியில் அவள்தான் என் கையைப் பிடித்து இறக்கிவிடுவாள். இன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கிப் போனாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி குடிவருகிறார்கள்.